ஒரு கண்ணுக்குச் சுருமா

கனிமம் தேடும் அதிகாரி குணரத்தினமும் கூலியாள் தாஹிரும் மலையடிக்கு வந்துசேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. தோப்பூருக்கு அப்பால், காட்டுக்குள் நெடுந்தூரம் தள்ளி நின்ற சுண்ணாம்புக்கல் மலை அது.

தாஹிர் முன்பு தோணிக்காரன். அறுபத்து மூன்றாம் ஆண்டு மாரியில், இலங்கைத்துறைக் கடல் அவன் மகன் முனாபைக் கொண்டுபோனது. உடல் கரையொதுங்கவில்லை. உடல் இல்லாமலே பள்ளியில் ஜனாஸாத் தொழுகை வைக்கலாம் என்று பலரும் சொல்லிப் பார்த்தார்கள். மனைவி உம்மு குல்சும் மகன் மௌத்தானதை, இறந்ததை, ஒப்புக்கொள்ளவேயில்லை; தொழுகையும் நடக்கவில்லை.

மலையடியில் ஒரு குகை. அதற்குள் வெள்ளைப் பாறையை அறுத்துக்கொண்டு விரல் தடிப்பில் ஒரு சாம்பல் கோடு ஓடியது. டோர்ச் வெளிச்சத்தில் ஊசி ஊசியாய் மினுங்கியது.

“அந்திமனி. உங்கட ஆக்கள் சொல்லுற சுருமாக்கல்,” என்றார் குணரத்தினம். “ஊர்ப் பெண்டுகள் கண்மை அரைக்கக் காணும், தாஹிர். கவுண்மெந்து தோண்டி எடுக்கக் காணாது.”

மாதிரிக்குக் கொஞ்சம் பெயர்க்கச் சொல்லிவிட்டு அவர் மலையின் மறுபக்கம் போனார்.

இறந்தவரின் மையத்தைக் குளிப்பாட்டி, கண்ணுக்குச் சுருமா இட்டுக் கபன் துணி சுற்றுவது தாஹிர் வீட்டு வழமை. மகனுக்கு அது கிடைக்கவில்லை. அதை நினைத்தபடியே உளியைத் தட்டினான்.

கை ஓய்ந்தபோது உள்ளிருந்து ஈரமான மூச்சொலி கேட்டது. வௌவாலாக இருக்கும் என்று எண்ணினான். பிறகு மணம் வந்தது. உப்பும் பாசியும்.

கடல் வெகுதூரம்.

“வாப்பா,” என்றது இருட்டு. “கண் எரியுது.”

ஓட முடியாமல் நின்றானா, மனமில்லாமல் நின்றானா, அவனுக்கே தெரியவில்லை. கல்லைப் பாறையில் வைத்து மாவாய் அரைத்தான். விரலில் தொட்டு இருட்டுக்குள் நீட்டினான்.

குளிர்ந்த இமை ஒன்று தட்டுப்பட்டது. மெல்ல இழுத்து இட்டான்.

மற்றக் கண்ணைத் தேடினான்.

அங்கே குழிதான் இருந்தது.

“மீன் திண்டுட்டுது, வாப்பா.”

மறுநாள் பின்னேரம் வீடு சேர்ந்தான். குல்சுமிடம் எப்படிச் சொல்வதென்று வழிநெடுக யோசித்து வந்தவனுக்கு, வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை.

“தொழுகைக்குச் சொல்லுங்க,” என்றாள் அவள். “நேத்து மகன் வந்தவன். ஒரு கண்ணாலதான் என்னைப் பார்த்தவன். அந்தக் கண்ணுக்கு ஆரோ வடிவாச் சுருமா இட்டிருந்தாங்க.”

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஜனாஸாத் தொழுகை நடந்தது. தாஹிர் வரிசையின் இடது முனையில் நின்றான். அவனுக்கு அப்பால் ஆளில்லை.

இமாம் இரண்டாம் தக்பீராக ‘அல்லாஹு அக்பர்’ சொன்னபோது ஒரு தோள் அவன் இடத் தோளோடு ஒட்டி நின்றது.

நனைந்த தோள்.

தாஹிர் அசையவில்லை. மகனுக்காகத் துஆவை ஓதி முடித்தான். ஸலாம் கொடுக்க இடப்பக்கம் திரும்பியபோது யாருமில்லை. சீமெந்துத் தரையில் இரண்டு ஈரப் பாதச் சுவடுகள், மக்கா இருக்கும் கிப்லாவை நோக்கி.

பின்னேரம் அஸர் தொழுகைக்கு வந்தவர்கள் அந்த இடத்தை விட்டுத்தான் வரிசை கட்டினார்கள். அந்த ஈரம் காயவேயில்லை.