லீவில் வந்தவன்

கணவன் குளித்துவிட்டுப் போன பிறகு குளியலறையைக் கழுவ நுழைந்த நாகவல்லி, பக்கெட்டின் அடியில் மிச்சமிருந்த தண்ணீரில் கையை விட்டதும் சுரீரென்று இழுத்துக்கொண்டாள். கொதிக்கக் கொதிக்க அவளே ஊற்றி வைத்த வெந்நீர் அது. அதற்குள் விரல் எலும்புவரை வலிக்கும்படி சில்லிட்டுக் கிடந்தது. மார்கழிதான். ஆனால் ஆவடியின் மார்கழி, மப்ளர் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிற அளவுக்குத்தான் குளிரும்.

கலியமூர்த்தி ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். வடக்கே பனிமலையில் பழுதாகி நின்ற வண்டிகளைச் சரிசெய்ய, அவனையும் கூட வேலை செய்யும் பூந்தமல்லி சுலைமானையும் எண்பத்தாறாம் ஆண்டு ஐப்பசியில் அனுப்பிவைத்தார்கள். போன வாரம் ஒரு விடியற்காலையில், குவார்ட்டர்ஸ் முழுவதும் பனிமூட்டம் அப்பியிருந்தபோது, அவன் மட்டும் வாசலில் வந்து நின்றான். கையில் பெட்டி இல்லை.

"லீவு" என்றான். அவ்வளவுதான்.

வந்த மறுநாள் அவள் கைதவறிக் குழம்புச் சட்டியைக் கீழே போட்டாள். சட்டி உடைந்த சத்தத்தோடு அவள் தோள்கள் தாமாகவே குறுகின. ஒரு கை முகத்தை மறைத்துக்கொண்டது. எட்டு வருடக் குடித்தனத்தில் அவள் உடம்பு கற்றுக்கொண்ட பாடம் அது. அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவன் குனிந்து, ஓட்டுச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான். குழம்பில் ஆவி பறந்தது. அவன் வெறுங்கையால் அள்ளினான்.

அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இவன் அவனில்லை.

யாராக இருந்தால் என்ன என்று நினைத்தாள். குடிக்கவில்லை. திட்டவில்லை. சாயங்காலமானால் மகள் புஷ்பாவை மடியில் உட்கார வைத்து, சிக்கெடுத்து, இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டிவிடுகிறான். சொந்த அப்பன் ஒருநாள்கூட அந்தத் தலையைத் தொட்டதில்லை. "அப்பா கை ஐஸ் மாதிரி இருக்கும்மா" என்று குழந்தை சிரித்தது. நாகவல்லியும் கூடவே சிரித்துவைத்தாள்.

குளியலறைத் தண்ணீர் போகும் பாத்தியில் இருந்த கனகாம்பரம் கருகிப்போயிற்று. சுவர்ப்பல்லிகள் விறைத்து உதிர்ந்தன. பெருக்கித் தள்ளினாள். அவன் படுத்திருக்கும் அறையிலிருந்து நனைந்த கம்பளியும் துருவும் கலந்த வாடை வந்தது. மத்தியான அமைதியில், தூரத்தில் மின்சார ரயில் ஊதிப் போனபின், கற்கண்டை யாரோ மெல்ல நசுக்குவதுபோல ஒரு நறநறப்பு அந்தக் கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அம்மா, அப்பா தூங்கும்போது வேற வேற மூஞ்சி வருது."

"உளறாத. கனவு கண்டிருப்ப."

சொன்னாளே தவிர, அன்று மத்தியானம் கதவை விரலளவு திறந்து பார்த்தாள். கட்டிலில் மல்லாந்து கிடந்த அதன் முகம், அடுப்பில் வைத்த வெண்ணெய்போல இளகி வழிந்து, தலைப்பாகை வைத்த ஒரு தாடிக்காரனாக இறுகியது. பிறகு கன்னம் அகன்ற ஒரு கிழவியாக. பிறகு ஒரு சின்னப் பையனாக. கடைசியில் கலியமூர்த்தி.

சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்போதே ஓடியிருக்கலாம். திருநின்றவூரில் அண்ணன் வீடு இருந்தது. போனால் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்வாள், புருஷனை விட்டு வந்தவள் என்று தெரு பேசும். அவள் இரவுக்குச் சப்பாத்தி மாவு பிசைய உட்கார்ந்தாள்.

மறுநாள் விளக்கேற்றுகிற நேரத்தில் வாசலில் சுலைமான் நின்றான். கன்னங்கள் கருத்து உரிந்திருந்தன. இரண்டு கைகளிலும் கட்டு. வலக்கட்டு பாதியில் முடிந்துபோயிருந்தது. விரல்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

"ஆபீஸ்லேர்ந்து யார்னா வந்தாங்களா தங்கச்சி?"

"இல்லியேண்ணே. உள்ள வாங்க."

அவன் வரவில்லை. "நாளிக்கு வருவாங்கோ. நானே முன்னாடி சொல்லிட்லாம்னு ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா வந்துகினு கீறேன். பனி சரிஞ்சு வியுந்துச்சும்மா. கலியன் மாட்டிகினான். காணோம் காணோம்னு தேடிகினு இருந்தாங்கோ. நாலு நாளு முன்னாடிதான் தோண்டி எடுத்தாங்கோ."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. உள்ளே புஷ்பா பள்ளிக்கூடப் பாட்டை முணுமுணுப்பதும், சீப்பு தலையில் ஓடுவதும் கேட்டன.

"எனக்குத் தெரியும்ணே" என்றாள்.

"இன்னா தெரியும்?" சுலைமான் திகைத்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஒடம்பு கெடச்சுது. மூஞ்சி மட்டும் இல்ல தங்கச்சி. கரண்டியால வயிச்சி எட்த்தா மாதிரி. கைல பச்ச குத்திகினு இருந்தான் இல்ல, அத்த வெச்சுத்தான் நான் அடையாளம் சொன்னேன்."

உள்ளே பாட்டு நின்றது.

சீப்பும் நின்றது.

நாகவல்லி திரும்பினாள். கூடத்தைத் தாண்டுவதற்குள் காலடித் தரை சில்லிட்டது. அறைக்கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாளைத் தொட்டாள். உள்ளங்கைத் தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டது. இழுத்தாள். பிய்ந்தது. தள்ளினாள்.

குண்டுபல்பின் மஞ்சள் வெளிச்சம். சுவரெல்லாம் உறைபனி வெள்ளையாகப் பூத்திருந்தது.

கலியமூர்த்தியின் சட்டையும் லுங்கியும் தரையில். ஈரமாக. உள்ளே யாருமில்லாமல்.

பாயில் புஷ்பா படுத்திருந்தாள். சுவர்ப்பக்கம் திரும்பி. ஒரு பின்னல் போட்டு முடிந்திருந்தது. இன்னொன்று பாதியில். ரிப்பன் விறைத்து நின்றது.

"புஷ்பா."

அசைவில்லை. திருப்பிப் பார்க்க வேண்டும். கை நீளவில்லை.

"அம்மா."

குரல் பாயிலிருந்து வரவில்லை. கட்டிலுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அங்கே புஷ்பா நின்றுகொண்டிருந்தாள். அதே பாவாடை. முன்பல் விழுந்த அதே சிரிப்பு. கன்னத்தில் ஒரு மடிப்பு மட்டும் இன்னும் சரியாகப் படியவில்லை. அதுவும் படிந்தது.

"தங்கச்சி! உள்ள இன்னா ஆச்சு?" வாசலில் சுலைமான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அது இரண்டு கைகளையும் உயர்த்தியது.

"தூக்கும்மா."

நாகவல்லி பாயைப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை. குனிந்து அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கனமே இல்லை. அது அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தை அவள் முகத்தோடு ஒட்டிவைத்தது.