உமையம்மாள் பெயரில் இருந்த ஓட்டு

அன்றைக்கும் விடிந்ததும் உமையம்மாள் இரண்டு அடுப்பு மூட்டினாள். இரண்டிலும் ஒரே சம்பா அரிசிதான், ஒரே சிறுபயறுதான். ஆனால் வலப்பக்கத்துக் கஞ்சி அரச விசுவாசிக்கு; இடப்பக்கத்துக் கஞ்சி குடிகளின் உரிமைக்காரனுக்கு. பானை மாறினால் கொள்கையும் மாறிவிடும் என்பதுபோல அந்த வீட்டு ஆண்கள் இருவரும் நடந்துகொண்டார்கள்.

அரச விசுவாசி அவளுடைய கணவர் கைலாசம் பிள்ளை. நெய்யாற்றின்கரை தாலுகா கச்சேரியில் இருபத்தெட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான்; அவருடைய கறுப்புக் கோட்டுக்கு இல்லை. தோட்டத்தில் வாழைக்குலை வெட்டினாலும் கோட்டும் தலைப்பாகையுமாக நின்றுதான் வெட்டுவிப்பார். 'பொன்னு தம்புரான்' என்று மகாராஜாவின் பேச்சு வந்தால் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து எழுந்து நிற்பார். சாப்பாட்டின் நடுவில் வந்தாலும் அப்படித்தான். அதனால் அவர் சூடான ரசம் குடித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

உரிமைக்காரன் அவருடைய தம்பி முத்துக்குமாரசாமி. எஃப்.ஏ. பரீட்சையின் வாசல்வரை மூன்று தடவை போய், மூன்று தடவையும் பத்திரமாகத் திரும்பி வந்தவன். திருவனந்தபுரத்திலிருந்து வரும் பத்திரிகையைத் தெருவுக்கெல்லாம் கேட்கும்படி வாசிப்பது இப்போது அவனுக்குத் தொழில். உமையம்மாள் பதினைந்து வயதில் பாறசாலைக்கு வாழ வந்தபோது அவனுக்கு மூன்று வயது, தாய் இல்லை. அண்ணன் மனைவியை எல்லோரும் மைனி என்று கூப்பிடுவதுபோல அவனும் கூப்பிட்டான். ஆனால் அந்த மைனியில் பாதி அம்மா இருந்தது. தனக்கென்று ஒன்று பிறக்கவில்லையே என்று உமையம்மாள் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றேழில் சட்டசபைக்குத் தேர்தல் வந்தது. ஜரிகைத் துப்பட்டாவும் நாலு கிராமத்து நிலமும் உள்ள தாணு பிள்ளை, பழைய முறை பழைய முறையாகவே இருக்க வேண்டும் என்று சொல்லி நின்றார். கைலாசம் பிள்ளை அவர் பக்கம். தம்புரான் இருக்கட்டும், குடிகள் கேட்கும் கேள்விக்குப் பதிலும் இருக்கட்டும் என்று சொல்லி வக்கீல் செல்லசாமி எதிர்த்து நின்றார். முத்துக்குமாரசாமி அவர் பக்கம். சந்தையில் பேசி, கோயில் வாசலில் பேசி, கடைசியில் அண்ணனும் தம்பியும் தங்களுக்குள் பேசுவதை விட்டார்கள்.

பிறகு பேச்செல்லாம் உமையம்மாள் வழியாகத்தான். மூன்று முழம் தள்ளி உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு, "உனக்க கொழுந்தன்கிட்ட சொல்லு" என்று அண்ணன் ஆரம்பிப்பார். அவள் திரும்பிப் பார்ப்பாள். தம்பி பதிலை ஏற்கெனவே தயாராக வைத்திருப்பான். நாலு மாதம் அவள் இப்படி அஞ்சலாபீஸாக நின்றாள். அதற்குள் பாகம் பிரித்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. தேர்தல் முடிந்த மறுநாள் கொத்தனார் வருவார். அடுக்களையின் நடுவில் சுவர் எழும்பும். அதற்காகக் கூடத்திலிருந்து அடுக்களைவரை சுண்ணாம்பால் கோடும் போட்டாகிவிட்டது. தினமும் நூறு தடவை உமையம்மாள் அந்தக் கோட்டைக் கால் படாமல் தாண்டினாள்.

ஓட்டர் பட்டியல் ஒட்டிய அன்று சகோதரர் இருவரும் வரி வசூலிக்கும் பார்வத்தியக்காரரின் ஆபீசுக்குப் போனார்கள். ஒருவர் சாலையின் வடக்கு ஓரமாக, மற்றவன் தெற்கு ஓரமாக. நிலவரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு. வருஷாவருஷம் வரியைக் கொண்டுபோய்க் கட்டியது தாமே என்பதால் தம் பெயர்தான் இருக்கும் என்று நம்பிய கைலாசம் பிள்ளை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடினார். முத்துக்குமாரசாமி விரலை வைத்துத் தேடினான். நாலு மாதமாக ஊரையே இரண்டாக்கிய இருவருடைய பெயரும் பட்டியலில் இல்லை. அந்த வீட்டில் ஒரே ஒரு ஓட்டு இருந்தது. 'உமையம்மாள், கைலாசம் பிள்ளை பாரியை.'

அங்கே நின்றவர்கள் சிரித்த சிரிப்பு சாலையின் இரண்டு ஓரமாகவும் வீடுவரை கூடவே வந்தது.

முத்துக்குமாரசாமி அன்று, நாலு மாதத்தில் முதல் தடவையாக, அண்ணனிடம் நேராகவே பேசினான். குடும்ப நிலம் முழுதும், தன் பாதியும் உட்பட, மைனி பெயருக்கு எப்படிப் போயிற்று என்று கேட்டான். கைலாசம் பிள்ளை உத்தரத்தைப் பார்த்தார். கோட்டுப் பொத்தானைத் திருகினார்.

"அவளுக்க நச்சரிப்பு பொறுக்காமலாக்கும் எழுதி வச்சேன்" என்றார்.

அடுக்களை வாசலில் அகப்பையோடு நின்ற உமையம்மாள் கணவரைப் பார்த்தாள். அவர் இன்னும் உத்தரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குச் சோறு ஊட்டின கை, எனக்க பங்கையும் சேத்து வாரிக்கிடும்னு நான் நினைக்கல்ல மைனி" என்றான் முத்துக்குமாரசாமி.

"அப்பிடியா மக்கா..." என்றாள். சொல்ல வாய் திறந்தால் கணவரின் மானம் போகும். மூடினால் தன் மானம் போகும். அவள் மூடிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து தம்பி அவள் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. அவன் மனைவி கல்யாணசுந்தரி மாட்டுக்கொட்டகை ஓரத்தில் கல் கூட்டிப் பொங்கினாள். புகையில் கண் கலங்குகிறது என்று எல்லோரிடமும் சொன்னாள். உமையம்மாள் மட்டும் தேர்தல் நாள்வரை எட்டு நாளும் தம்பிக்கான கஞ்சியைக் காய்ச்சினாள். எட்டு நாளும் அது பசுவுக்குப் போயிற்று.

ஓட்டுப் போடும் நாள் விடிந்தபோது வாசலில் இரண்டு வில்வண்டிகள் நின்றன. யாருக்கும் வளையாத தாணு பிள்ளையின் முதுகு, நடைவாசலைத் தாண்டும்போதே வளைந்துவிட்டது. தம் வண்டியில் பட்டுமெத்தை போட்டிருப்பதாகத் தெரிவித்தார். வக்கீல் செல்லசாமி, பெண்களின் விழிப்புணர்ச்சி பற்றிக் கால்மணி நேரம் பேசினார். அவருடைய சொந்த மனைவி வீட்டு முன்கட்டுக்கே வருவதில்லை என்பது ஊருக்குத் தெரியும். கைலாசம் பிள்ளை ஒரு பக்கம், முத்துக்குமாரசாமி மறுபக்கம். நாலு பேரும் ஒரே அடுக்களை வாசலைப் பார்த்து நின்றார்கள்.

உமையம்மாள் பாலராமபுரத்து வெள்ளைப் புடவை உடுத்தி வெளியே வந்தாள். கூடத்தில் அந்தச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்றாள்.

"வண்டி நிக்கட்டும், வாறேன். அதுக்கு முன்ன ஒரு காரியம் உண்டு. நிலம் எனக்க பேருக்கு வந்த கதைய இவங்களே தம்பிகிட்ட உள்ளபடி சொல்லட்டும்."

பெரிய மனிதர்கள் நிற்கும்போது இதற்கா நேரம் என்று கைலாசம் பிள்ளை முணுமுணுத்தார்.

"பெரியவங்க நிக்கதுனாலதான் இப்பம் சொல்லச் சொல்லுதேன். சொல்லல்லேன்னா எனக்கு வயித்துவலியாக்கும். நான் போய்ப் படுத்துக்கிடுவேன்."

தாணு பிள்ளை பதறிவிட்டார். "என்னவானாலும் சொல்லித் தொலையும் ஓய்" என்றார்.

கைலாசம் பிள்ளை தலைப்பாகையை எடுத்தார். அவர் தலை அத்தனை சிறியது என்று அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

"கச்சேரியில வேலை பாக்கவன் அதே தாலுகாவில நிலம் வச்சிருக்கப்படாதுன்னு ஒரு உத்தரவு வந்துது. தெரிஞ்சா வடக்க எங்கயாம் தூக்கிப் போட்டுருவாங்கன்னு பயந்து, ரெண்டு பேருக்க பங்கையும் இவளுக்க பேருக்கு மாத்தினேன். இவ வேண்டாம்னு அழுதா. நாளைக்குத் தம்பிக்கு மீசை முளைச்ச பெறவு அவன் மொகத்த எப்பிடிப் பாக்கதுன்னு கேட்டா. நான்தான் கேக்கல்ல."

"யாருக்க உத்தரவு அது?" என்று வக்கீல் குறுக்கே கேட்டார்.

"பொன்னு தம்புரானுக்க" என்றார் கைலாசம் பிள்ளை. வழக்கப்படி எழுந்து நிற்கப் பார்த்தார். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் வேறு வழியில்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

வக்கீல் சிரித்தார். முத்துக்குமாரசாமி சிரிக்கவில்லை. உமையம்மாள் அவன் பக்கம் திரும்பியிருந்தாள்.

"குடிகளைக் கேக்கணும், குடிகளைக் கேக்கணும்னு நாலு மாசமா நெஞ்சில அடிச்சியே மக்கா. மைனியும் ஒரு குடிதானே. தண்டனை விதிக்கதுக்கு முன்ன, இது என்ன மைனின்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

மீசை முளைத்து வெகுகாலமான அந்த ஆள் வேட்பாளர்கள் இருவர் முன்னாலும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, அவள் காலைப் பிடித்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதான். உமையம்மாள் குனிந்து அவனைத் தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். எட்டு நாள் அடக்கி வைத்த கண்ணீர் அவன் தலையில் விழுந்தது. கல்யாணசுந்தரியும் அழுதாள். இந்த முறை புகையின்மேல் பழி போடவில்லை.

கைலாசம் பிள்ளை மெதுவாக எழுந்து வந்தார். மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தார். "உமை, உனக்கு நான் செய்தது அக்கிரமம்" என்றார். நாளையே ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய் இரண்டு பேர் பெயருக்கும் மாற்றிவிடலாம் என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். தம்பியும் தலையாட்டினான்.

"மாத்தாண்டாம்" என்றாள் உமையம்மாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"எனக்க காலத்துக்குப் பெறவு ஆளுக்குப் பாதின்னு எழுதி வைக்கேன். அதுவரைக்கும் எனக்க பேரிலயே கெடக்கட்டும். எனக்க பேரில கெடக்குத வரைக்கும், எனக்க ஒப்பு இல்லாம இந்த வீட்டுக்கு நடுவில ஒருத்தரும் ஒரு செங்கல்லு வைக்க முடியாது. கொத்தன வரவேண்டாம்னு சொல்லி அனுப்புங்கோ."

இருபத்தேழு வருஷமாக வேண்டாத பாரமாகச் சுமந்த நிலம் அவளுக்கு அந்த நிமிஷம்தான் சொத்தாயிற்று.

பட்டுமெத்தை வண்டியிலும் அவள் ஏறவில்லை, விழிப்புணர்ச்சி வண்டியிலும் ஏறவில்லை. வைக்கோல் ஏற்றும் சொந்தக் கட்டைவண்டியைப் பூட்டச் சொன்னாள். முன்பக்கத்தில் அண்ணனும் தம்பியும் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். அமரவிளை இறக்கத்தில் காளை மிரண்டபோது இருவரும் ஒரே சமயத்தில் ஒரே கயிற்றைப் பிடித்தார்கள். வேட்பாளர்களின் வில்வண்டிகள் பின்னால் தூசி குடித்துக்கொண்டு வந்தன.

கச்சேரி வாசலில் சேவகன் தடுத்தான். ஓட்டு உண்டா என்று கேட்டான். இருபத்தெட்டு வருஷம் அந்தப் படியில் செருப்பைத் தேய்த்த கைலாசம் பிள்ளை இல்லை என்று சொல்லி ஒதுங்கி நின்றார். முத்துக்குமாரசாமியும் ஒதுங்கினான். உமையம்மாள் நிமிர்ந்து உள்ளே போனாள். யாரையும் கேட்காமல் சீட்டில் அடையாளம் போட்டு, மடித்து, பெட்டியில் இட்டுவிட்டு வந்தாள்.

அன்று மத்தியானம் கூடத்தில் இரண்டு இலைகள் அடுத்தடுத்துக் கிடந்தன. தீயலும் எரிசேரியும் விளம்பினாள். பருப்புச் சோறு முடியும்வரை கைலாசம் பிள்ளை பொறுத்தார். பிறகு, தாணு பிள்ளையுடைய நல்ல குணங்களைப் பற்றி லேசாகத் தொடங்கினார். அந்தப் பக்கத்து இலையிலிருந்து, வக்கீல் எத்தனை ஏழைப்பட்டவர்களுக்கு உதவியவர் என்று தெரியுமா மைனி என்று கேள்வி வந்தது. இருவரும் அவள் முகத்தில் ஓட்டைத் தேடினார்கள்.

"அது எனக்கும் பெட்டிக்கும் உள்ள காரியம்" என்றாள் உமையம்மாள். "எலையப் பாத்து உண்ணுங்கோ."

இருவரும் இலையைப் பார்த்தார்கள். நாலு மாதத்தில் அண்ணனும் தம்பியும் ஒருமனதாகக் கீழ்ப்படிந்த முதல் உத்தரவு அது.