இரவல் மூச்சு

எங்கள் தெருவுக்குச் சொட்டுவண்டி புதன்கிழமைதோறும் வரும். தண்ணீர் லாரி மாதிரிதான். நேரத்துக்கு வராது, வந்தால் யாருக்காகவும் காத்து நிற்காது. முறை வந்தவர்கள் ஏறிச் சாய்ந்துகொண்டு, உயிரிமருந்தை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொள்வோம். ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று கொஞ்ச நேரம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு இறக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு எட்டு வாரம் மனுஷியாக இருக்கலாம்.

எனக்கு மூட்டுவாதம். வீட்டைக் காக்க வைத்த காவல்காரன் வீட்டுக்காரியையே போட்டு அடிக்கிற வியாதி. காவல்காரன் என்றால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி; மருந்து அவனைத் தூங்கவைக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளை வீட்டு மேசையிலிருந்தே விரலால் ஓட்டுகிறவள் நான். மருந்து தள்ளிப்போனால் அதே விரலால் ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முடியாது. சிரிக்காதீர்கள், உண்மை.

காவல்காரன் தூங்கும்போது உள்ளே ஏற்கெனவே திருடன் இருந்தால்? அதற்குத்தான் மூச்சுமானி. வண்டி வருமுன் வீட்டிலேயே அந்தக் குழலில் ஊத வேண்டும். கிருமி இருந்தால் அது மோப்பம் பிடித்து வண்டிக்குச் சொல்லிவிடும், கதவு திறக்காது. முன்பெல்லாம் காய்ச்சலை மறைத்து மருந்து ஏற்றிக்கொண்டு செத்தவர்கள் உண்டாம். அதனால் இப்போது யார் வாய்ச்சொல்லையும் நம்புவதில்லை. நியாயம்தான். ஆனால் வலிக்கிறவளிடம் வந்து நியாயம் பேசிப் பாருங்கள்.

போன முறை ஈறு வீங்கியிருந்ததால் கதவு திறக்கவில்லை. அதிலிருந்து என் தலையைப் பின்னுவது, ஜாக்கெட் கொக்கி போடுவது, பற்பசை பிதுக்குவது எல்லாம் என் வீட்டுக்காரர் அமலதாஸ்தான். உப்பளத்து இயந்திரங்களைப் பழுதுபார்த்துவிட்டு இருமிக்கொண்டே வருவார். வந்ததும் எனக்கு மூடி திறக்க வேண்டும். எனக்கே சலித்துப்போயிற்று. அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

இந்தப் புதன்கிழமை காலையில் என் நெற்றி லேசாகச் சுட்டது. தொண்டையும் கரகரத்தது. மூச்சுமானியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். வேறென்ன செய்ய?

"ஏட்டி ரோசி, அதை இங்கன தா. நான் ஊதுதேன்," என்றார்.

"என்னங்க, பைத்தியமா? மாட்டினா வண்டியிலருந்தே பேரை எடுத்துருவாங்க."

"எனக்கு என்ன நோயா நொடியா? மாடு மாதிரி இருக்கேன். இன்னைக்கும் ஏத்தலைன்னா உன்னைப் பாக்க என்னால ஆவாது, பாத்துக்கோ."

"அப்ப இந்த இருமல்?"

"அது உப்புத் தூசிட்டி. உப்பளத்துல எவன் இருமாம இருக்கான்?"

பிடுங்கி ஊதிவிட்டார். தடுத்தேன் என்று சொன்னால் பொய்.

வண்டி வந்தது. கதவு திறக்கவில்லை. முகக்கவசத்தோடு நர்ஸ் மும்தாஜ் முன்பக்கத்திலிருந்து இறங்கி, எங்கள் வாசலில் தள்ளியே நின்றாள். எப்போதும் கிண்டல் பண்ணிக்கொண்டே ஊசி போடுகிறவள். அன்று கண்ணில் அந்தச் சிரிப்பு இல்லை.

"அக்கா, பதறாதீங்க. உங்க மூச்சுல காசநோய் காட்டுது."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. அவருக்கு விளங்கிவிட்டது.

"சிஸ்டர், அது அவ மூச்சு இல்ல. என் மூச்சு."

மும்தாஜ் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். புதுக் குழலை மட்டும் நீட்டினாள். ஊதினேன். சுத்தம். நெற்றிச் சூடு வெறும் மூட்டுவாதச் சூடு, தொண்டை ராத்திரி முழுக்க வலியில் அழுததன் கரகரப்பு.

"நீங்களே ஊதியிருந்தா கதவு தொறந்திருக்கும்க்கா," என்றாள். "நானே மருந்தை ஏத்தி அனுப்பியிருப்பேன். எதிர்ப்பே இல்லாத உடம்போட நீங்க இவர் பக்கத்துலயே படுத்து எந்திரிச்சிருப்பீங்க. கூட இருக்கிறவங்களை ஊதச் சொல்லணும்னு எவனுக்குமே தோணல பாருங்க."

"இப்ப எனக்கு மருந்து?"

"கூடவே இருந்திருக்கீங்கல்ல? கிருமி உள்ள போயி இன்னும் முழிக்காம கெடக்கலாம். டெஸ்ட் எடுத்து, தடுப்பு மாத்திரை போட்டு, டாக்டர் சரின்னு சொன்னாத்தான். அண்ணன் கொஞ்ச நாள் தனியா விலகல் இல்லத்துல போய் இருக்கணும். குணமாயிரும்க்கா, இதெல்லாம் இப்ப பெரிய வியாதியே இல்ல. மூச்சு மாத்தினதை நான் பாக்கல. போங்க."

விலகல் வாகனம் வருவதற்குள் அவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு அடுக்களைக்குள் போனார். என்னை வாசலை விட்டு உள்ளே வரவிடவில்லை. பாத்திரம் உருளும் சத்தம், இருமல், மறுபடியும் சத்தம். வெளியே வந்தவருக்கு மூச்சு வாங்கியது. மெலிந்திருக்கிறாரே மனுஷன் என்று அப்போதுதான் பார்த்தேன். என் சமையல் பிடிக்காமல் சாப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டிருந்த மூதேவி நான்.

"எல்லா மூடியும் லூசா வச்சிருக்கேன். தண்ணி, எண்ணெய், ஊறுகாய், மாவு டப்பா, எல்லாம். சும்மா விரலால தள்ளு, போதும்."

தலையாட்டினேன். தொடக்கூடாது என்பதால் இரண்டு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம். வாகனம் அவரை ஏற்றிக்கொண்டு போனது.

சாயங்காலம் நோய்நீக்கி வந்தது. இரண்டு கை உள்ள இயந்திரம். நோயாளி இருந்த வீட்டை அலசிவிட்டுப் போவது விதி. காசநோய் காற்றில்தான் பரவும், பாத்திரத்தில் ஒட்டாது. விதிக்கு எல்லா நோயும் ஒன்றுதான். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்த் தடுத்திருக்கலாம். அது என்ன செய்கிறது என்று தெரிந்தால்தானே? சுத்தமாக வேலை பார்த்துவிட்டுப் போயிற்று.

அடுக்களை பளபளத்தது. ஒவ்வொரு பாட்டிலையும் டப்பாவையும் துடைத்து, மூடியை இறுக்கித் திருகி வைத்திருந்தது.

தண்ணீர் பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அழுத்திப் பார்த்தேன். முழங்கையில் இடுக்கினேன். பல்லால் கடித்தேன். நகரவில்லை. அப்போது போன் அடித்தது.

"ஏட்டி, மூடியெல்லாம் தொறக்க முடியுதா?"

"முடியுதுங்க."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்," என்றேன்.