கருமாதி மடு

தக்கை ஆற்றுக்கு எதிராகப் போய்க்கொண்டிருந்தது.

காற்றாக இருக்கும் என்றுதான் எத்திராஜ் முதலில் நினைத்தான். ஆனால் காற்றே இல்லை. கரையோரத்து நாணல் ஒன்றுகூட அசையவில்லை. மழைக்காலத்துத் தண்ணீர் மலையிலிருந்து கூழாங்கற்களை உருட்டிக்கொண்டு கீழே போய்க்கொண்டிருக்க, மயிலிறகுத் தண்டில் செய்த அந்தச் சின்ன வெள்ளைத் தக்கை மட்டும், யாரோ நுனிவிரலால் தள்ளிவிடுவதுபோல மெல்ல மெல்ல மேல்நோக்கி ஏறி, பாறை நிழலுக்குள் போய் நின்றது. தூண்டில் கோலைத் தூக்கிப் பார்த்தான். முள்ளில் குத்திய மண்புழு குத்தியபடியே இருந்தது. ஊறி வெளுத்து, எதுவும் வாய் வைக்காமல்.

"ச்சே" என்றான். காலையிலிருந்து அவன் பேசியதில் பாதி அதுதான்.

நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவன் எத்திராஜ். தறிச் சத்தத்திலேயே வளர்ந்த காது, சத்தமில்லாத இடத்துக்குப் போனால் தானே ஒரு தறியை ஓட்டிக்கொள்ளும். தூக்கத்தில்கூட அவனுக்குள் அந்த டக் டக் கேட்டுக்கொண்டே இருக்கும். இந்த மடுவுக்கு வந்து உட்கார்ந்ததிலிருந்து அது நின்றுபோயிருந்தது. அதை அவன் இப்போதுதான் கவனித்தான். கவனித்தும், மீன் மேல் இருந்த ஆத்திரத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. வீட்டில் அவன் அப்பா பச்சையப்பன் படுத்த படுக்கை. கஞ்சி வைத்தால் துப்புகிறார், இட்லி வைத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறார். "வாய் வழியா ஏதாவது உள்ள போனாத்தான் தேறுவாரு, இல்லன்னா ரொம்ப நாள் தாங்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு ராத்திரி அவராகவே வாய் திறந்து, "மேலாத்து மீசைக் கெண்டை இருந்தா ரெண்டு வாய் துன்னுவேன்டா" என்றார். வாலிபத்தில் அவர் அந்த ஆற்றின் மேல்புறத்தில் முள் போட்டுப் பிடித்த மீன். வாயோரம் மீசை வைத்த, மஞ்சள் செதில் மீன்.

எத்திராஜின் மனைவி தாட்சாயணி மார்க்கெட்டில் ரோகு வாங்கி, புளி தூக்கலாகக் குழம்பு வைத்து, "மாமா, மேலாத்து மீனுதான்" என்று ஊட்டிப் பார்த்தாள். நுனிநாக்கில் தொட்டவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஏரி மீனு. சாவப் போறவன ஏமாத்துறீங்க."

அதனால்தான் இந்த அலைச்சல். அணைப் பக்கம் தூண்டில் போட்டால் ஜிலேபிக் கெண்டை மட்டும் மாட்டியது. கார்வேட்டிநகரம் தாண்டி, வண்டியை ஒரு மாந்தோப்பில் நிறுத்திவிட்டு, ஆற்றோடு மேலே மேலே நடந்தான். ஒவ்வொரு பள்ளமாகப் பார்த்தான். புழு போட்டான், மைதா மாவில் பெருங்காயம் பிசைந்து போட்டான். ஒரு கொத்தல்கூட இல்லை. சூரியன் மேகத்துக்குள்ளேயே உச்சிக்கு ஏறி, மேகத்துக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது.

வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த துலுக்காணம் என்ற பெரியவர் அவன் கோலைப் பார்த்துச் சிரித்தார்.

"சேபலா? மீனா? இங்கயா? ஆத்துல தண்ணி வர்றதே அதிசயம், நீ கொழம்புக்கு மீன் வேற கேக்குறியா?"

"மேல ஒரு மடு இருக்குதாமே பெரியவரே. எங்க நைனா சொல்லியிருக்காரு."

துலுக்காணம் சிரிப்பை நிறுத்தினார். "இருக்குது. அது கருமாதி மடு. சுத்துப்பட்டுல எவன் செத்தாலும் பிண்டம் வெக்கிறது அங்கதான். முந்தாநேத்துகூட யாரோ வந்து வெச்சுட்டுப் போனாங்க. அதுல மீன் இருக்குது, இல்லன்னு சொல்லல. எவனும் புடிக்கமாட்டான்."

"ஏன்?"

"அதுங்க இன்னா துன்னு வளந்துதோ, அதத்தான் நீ துன்னுவ" என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த மடுவில்தான் இப்போது உட்கார்ந்திருந்தான்.

அவன் அதைப் பார்த்தது அப்போதுதான். பாறை நிழல் கலங்கி, அடியிலிருந்து ஒரு மஞ்சள் முதுகு எழும்பியது. ஒரு முழம் இருக்கும். வாயோரத்து மீசைகள் தண்ணீரில் தடவித் தடவி, குருடன் சுவரைத் தடவுவதுபோல, அவன் போட்ட புழுவைத் தொட்டன. விலகின. மறுபடி தொட்டன. அப்புறம் அந்த மீன் திரும்பி, அவசரமே இல்லாமல், கரையோரமாக ஒரு கல் இருந்த பக்கம் போய் நின்றது. எதையோ எதிர்பார்க்கிற மாதிரி.

அவன் திரும்பிப் பார்த்தான். கல்லின் மேல் ஒரு வாழையிலை. அதில் மூன்று சோற்று உருண்டை, கறுப்பு எள் பிசைந்தது. முந்தாநாள் வைத்தது, ஆனால் ஈரம் காயவில்லை, எறும்பு ஏறவில்லை, ஒரு காக்கையும் வாய் வைக்கவில்லை. நல்லெண்ணெய் வாசனை அவன் உட்கார்ந்த இடம் வரைக்கும் வந்தது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அப்பா உயிரோடு இருக்கிற மகன் எள்ளும் தண்ணீரும் தொடக் கூடாது. பிண்டம் பிடிக்கிற கை, அப்பாவை இழந்த கையாக இருக்க வேண்டும். எத்திராஜுக்கும் அது தெரியும். தாத்தா கருமாதியில் விளையாட்டாக எள்ளை அள்ளியபோது, நைனா எல்லார் முன்னாலும் அவன் புறங்கையில் அடித்தது தெரியும். "நா உயிரோட இருக்கிறப்ப நீ அத தொடக் கூடாதுடா."

தெரிந்தும் தொட்டான். பாவம், ஆத்திரம் அப்படிப்பட்டது. நாள் முழுக்க ஏமாந்தவனுக்கு, கண்ணெதிரே நிற்கிற ஒன்று கைக்குச் சிக்காவிட்டால் புத்தி எந்தப் பக்கம் போகும் என்று யார் சொல்ல முடியும்? யாரோ வெச்சது, காக்காகூட சீந்தல, வீணாத்தானே போவுது என்று முனகிக்கொண்டே முதல் உருண்டையை எடுத்தான். தண்ணீரில் நனைத்தான். வலது உள்ளங்கையில் வைத்து அழுத்தி, கட்டை விரலால் முள்ளில் ஒட்டினான். ஆற்றில் விட்டான்.

தக்கை ஒருமுறை தலையாட்டியது. அவ்வளவுதான். தூக்கினால் முள் பளிச்சென்று காலியாக இருந்தது.

பையில் போன் அடித்தது. தாட்சாயணி.

"ஏங்க, எங்க இருக்கீங்க? மாமா வாய மென்னுகினு இருக்காரு." அவள் குரலில் சந்தோஷம். "நா ஒண்ணும் குடுக்கல. தூக்கத்துலயே மெல்றாரு. தொண்ட ஏறி எறங்குது."

"நல்லதுதான. பசி வந்துருக்கும். மீன் இங்கதான் சுத்திக்கினு இருக்குது, கொண்ணாந்துர்றேன்."

இரண்டாவது உருண்டையை எடுத்தான். அது முதல் உருண்டையைவிடக் குளிர்ந்திருந்தது, மண்பானை அடியில் கை விட்டதுபோல. இந்த முறை மீன் வருவது நன்றாகத் தெரிந்தது. ஆனால் உருண்டையை அது தொடவில்லை. ஒதுங்கி நின்றது. வேறு ஏதோ ஒன்று வழிகேட்டு வர, அதற்கு வழிவிடுகிற மாதிரி. தண்ணீருக்கடியில் சோறு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பல் போன வாய் சப்பிச் சாப்பிடுவதுபோல.

தறிச் சத்தம் இல்லை. ஆற்றுச் சத்தமும் இப்போது இல்லை.

போன்.

"ஏங்க." தாட்சாயணியின் குரலில் முன்பிருந்த சந்தோஷம் இல்லை. "மாமா எழுந்து ஒக்காந்துட்டாரு. தானா. அவரு வாயில எள்ளு வாசன வருது. வாயத் தொடச்சேன், பல்லு சந்துல கறுப்பு கறுப்பா. நம்ம வீட்டுல எள்ளே இல்லியேங்க."

அவன் கண் இலையில் மீந்த கடைசி உருண்டையின் மேல் போனது.

"கேக்குதா? இன்னும் குடுன்னு கேக்குறாரு. யாரப் பாத்துக் கேக்குறாருன்னு தெரியல. வாசப்பக்கம் பாத்துக் கேக்குறாரு. நீங்க வந்துடுங்க. மீனும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

சிக்னல் அறுந்தது. அவன் கிளம்பியிருக்கலாம். அப்போதே தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு எழுந்திருக்கலாம். எழுந்தான் கூட. ஆனால் மீன் மறுபடி மேலே வந்தது. காலடியில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மஞ்சள் செதில் செதிலாக, வாயைத் திறந்து மூடிக்கொண்டு. இத்தனை அலைந்து வெறுங்கையோடு போவதா? சுவர்ப் பக்கம் திரும்பின அந்த முகம் நினைவுக்கு வந்தது. நைனா சாப்பிடுகிறார் என்றால் நல்லதுதானே. எள்ளாவது, வாசனையாவது. அவளுக்குப் பயம்.

மூன்றாவது உருண்டை.

தக்கை தலையாட்டவில்லை. நேராக உள்ளே போனது.

சுண்டினான். கோல் வளைந்தது. தூண்டில் நரம்பு விறைத்து, தண்ணீரைக் கீறிக்கொண்டு நின்றது. மீன் என்றால் ஓடும், உதறும், பாறைக்கடியில் புகும். இது ஓடவில்லை. கனமாக, பிடிவாதமாக, கையைப் பிடித்து இழுத்தால் வர மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்கிற நோயாளியைப் போல, இருந்த இடத்திலேயே இருந்தது. இழுத்தால் கொஞ்சம் வந்தது. விட்டால் நின்றது. தறியில் பாவு நூலின் இழுவையை இருட்டிலும் விரலாலேயே சொல்லிவிடுகிறவன் அவன். அந்த நரம்பில் விரல் வைத்தபோது அதன் வழியாக ஒரு நடுக்கம் வந்தது. அது மீனின் துடிப்பு அல்ல. வயதானவர்களின் கை நடுக்கம்.

அந்த மஞ்சள் மீன் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது. முள் அதன் வாயில் இல்லை.

போன் அடித்தது. நின்றது. அடித்தது.

இடது கையால் எடுத்தான்.

"இழுக்குறாங்க" என்று தாட்சாயணி அழுதாள். "யாரும் இல்ல, ஆனா இழுக்குறாங்க. மாமா ஒதடு பிச்சுக்கினு ரத்தம் வருது. தல வாசப்பக்கம் போவுது. நா புடிச்சுக்கினு இருக்கேன், முடியல, நா புடிச்சுக்கினு—"

போனைப் போட்டுவிட்டு, பையிலிருந்த பிளேடால் நரம்பை அறுத்தான். அறுந்த முனை தண்ணீருக்குள் போனது. பாம்பு வளைக்குள் போவதுபோல, நிதானமாக.

கோலை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான்.

நகரி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கரண்ட் இல்லை. அவன் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. அந்தத் தெருவை அவ்வளவு அமைதியாக அவன் பார்த்ததே இல்லை. வாசல்படி ஏறும்போது கணுக்காலில் ஏதோ மெல்லிசாக உரசியது. ஈரமாக. குனிந்து பார்க்க நேரமில்லை.

சமையலறை மூலையில் தாட்சாயணி சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். கையில் போன் வெளிச்சம். அதைக் கட்டில் பக்கம் திருப்பினாள்.

நைனா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது. நல்ல பசியில் பந்திக்கு உட்கார்ந்தவர் முகம். வாயோரம் ஒரு சோற்றுப் பருக்கை.

"வந்துட்டியாடா" என்றார். "ருசியா இருந்துது. எல்லாரும் இருந்தாங்க. ஒன் தாத்தா, பெரிநைனா, எல்லாரும். இன்னொரு உருண்ட குடு."

"தீந்துபோச்சு நைனா."

அவர் உதட்டோரத்தில் ஒரு முடிச்சு தெரிந்தது. சிவப்புத் தறி நூல் சுற்றிய முடிச்சு. காலையில் முள்ளைக் கட்டும்போது அவன் கையால் போட்டது. அதிலிருந்து நைலான் நரம்பு நைனாவின் மார்மேல் இறங்கி, கட்டிலிலிருந்து தொங்கி, தரையில் சுருள் சுருளாகக் கிடந்து, ஈரக்கோடாக வாசல்படியைத் தாண்டி, தெருவுக்குள், இருட்டுக்குள், ஆற்றுப் பக்கமாகப் போயிருந்தது.

அவன் பார்த்துக்கொண்டிருந்தான். தாட்சாயணியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தரையில் கிடந்த சுருள்கள் ஒவ்வொன்றாகப் பிரியத் தொடங்கின. அவசரமில்லாமல். கடைசிச் சுருளும் பிரிந்து, நரம்பு தரையைவிட்டு எழும்பி, விறைத்து, சொட்டுச் சொட்டாக நீர் வடிய நின்றது. நைனாவின் உதடு வாசலை நோக்கி மெல்ல நீண்டது.