நாலாம் நம்பர்

ஐந்து மணி வகுப்பில் இருந்தவர்கள்: இரண்டாம் மெஷினில் வீரபாண்டி. மூன்றாவதில் குருசாமி. நான்காவதில் பொன்னாத்தாள். மேசைக்குப் பின்னால் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கும் கந்தப்பன். முதல் மெஷின் ரிப்பேருக்குப் போயிருந்தது. வேறு யாரும் இல்லை.

எழுபத்தாறாம் வருட ஹாஜர் புத்தகத்தில் கந்தப்பன் அப்படித்தான் எழுதியிருந்தார். எழுதி முடித்த பிறகும் பேனாவை மூடவில்லை. வேலந்தாவளத்தில் மழை பிடித்திருந்தது. மாட்டுச்சந்தை கலைந்த சாணி வாசமும், லாரிகள் விட்டுப்போன டீசல் புகையும், ரிப்பன் மையின் நெடியும் சேர்ந்து அந்த ஒற்றை அறைக்குள் தேங்கி நிற்க, மூன்று மெஷின்களின் தட்டல் ஓட்டுக்கூரையில் விழும் மழையோடு கலந்து ஏறி இறங்கியது. அதில் ஒரு தட்டல் அதிகமாக இருந்தது.

பொன்னாத்தாள் பூனை நடப்பதுபோல் அடிப்பாள். அவள் மெஷினிலிருந்தே, அவள் தட்டலுக்கு அடியில், இன்னொரு கை எழுத்துகளைக் குத்திக் குத்தி அடித்தது. ஒவ்வொரு வார்த்தை முடிவிலும் ஸ்பேஸ் பாரை இரண்டு தடவை இடித்தது.

இதே நாலாம் மெஷினில் இருந்த மாரப்பன் அப்படித்தான் அடிப்பான். ஒரு வருடம் திட்டியும் கந்தப்பனால் அதை மாற்ற முடியவில்லை. ஒன்பது நாளைக்கு முன்னால் மாட்டு லாரி ஏறிச் செத்துப்போனான்.

"பொன்னாத்தா, நாலு கையில அடிக்கறயா?" என்றான் வீரபாண்டி.

"உனக்கு ரெண்டு கையிருந்தும் ஒரு வரி ஒழுங்கா வரல. பேசாம அடி."

"ரெண்டாம் நம்பர், நிமிந்து உக்காரு" என்றார் கந்தப்பன். அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மெஷின் நம்பர்தான். ஆள் மாறும், நம்பர் மாறாது.

மெஷினைத் தொடச் சீட்டு வேண்டும். பெயர், நம்பர், மணி, கீழே அவர் கையெழுத்து. ஒரு மணி நேரத்துக்கு ஒரு மெஷினுக்கு ஒரே சீட்டு. நின்றுபோகிறவனிடம் பழையதை வாங்கிக் கிழித்த பிறகே அடுத்தவருக்கு எழுதுவார். மாரப்பனின் சீட்டை வாங்க வழியில்லை. அது சட்டைப் பையில் இருந்தபடியே சட்டையோடு சிதையில் எரிந்தது. திங்கட்கிழமை பொன்னாத்தாளுக்குப் பரீட்சை. தேறினால் அகளியில் ஆபீஸ் வேலை. தோற்றால் ஆவணியில் தாய்மாமனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள். பரீட்சைக்குத் தூக்கிக்கொண்டு போகிற லட்சணத்தில் இருந்தது நாலாம் மெஷின் ஒன்றுதான். பழையது கிழிபடாமலே காலையில் அவளுக்கு எழுதிக் கொடுத்தார்: ஐந்து மணி, நாலாம் நம்பர்.

அதோடு போயிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது. வாயை மூடிக்கொண்டு நடக்க வேண்டும். மாலை போட்டுவிட்டுப் பாடையருகில் நின்றவர், தினமும் ஆறு மணிக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாயால், "சரி நாலாம் நம்பர், நாளைக்கு வா" என்று சொல்லிவிட்டார்.

அழுகை நின்றுபோனது. மாரப்பனின் அம்மா பழனாத்தாள்தான் தலையைத் தூக்கினாள்.

"பொணத்தப் பாத்து வரச் சொல்றீங்களே வாத்தியாரே. வந்துட்டான்னா?"

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சித்தூர் பஸ்ஸைப் பிடிக்க வீரபாண்டியும் குருசாமியும் எழுந்தார்கள். கந்தப்பன் தலையை மட்டும் ஆட்டினார்.

"ஏனுங்க சார், இப்பல்லாம் நாளைக்கு வான்னே சொல்றதில்லீங்களே? எங்க சீட்டக் கிழிச்சுட்டீங்களா?" சிரித்துக்கொண்டே வீரபாண்டி குடையை விரித்தான்.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் கரண்டும் போனது. அரிக்கேனை ஏற்றினார். இருட்டிலும் தட்டல் நிற்கவில்லை. பூனை நடை கேட்கவில்லை. குத்துகிற கை மட்டும் கேட்டது.

"போதும்மா. எந்திரி."

"முடியலீங்க சார்." அவள் குரல் ரொம்பச் சின்னதாக வந்தது. "என்ற கை மேல யாரோ கை வெச்சிருக்காங்க."

விளக்கைத் தூக்கிப் பிடித்தார். அவள் நகங்கள் வெளுத்திருந்தன. ஒவ்வொரு விரலும் மேலிருந்து அமுக்கியதுபோல் வளைந்து இறங்கியது. எரிந்த துணியின் வாசம். உருளையில் காகிதம். வார்த்தைக்கு வார்த்தை இரண்டு இடைவெளி.

அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. குளிர். அவர் உள்ளங்கை முழுக்கச் சாம்பல்.

வரச் சொன்னது இந்த வாய். போகச் சொல்ல வேண்டியதும் இதுவே. வெறும் 'போ' என்று அவர் யாரையும் அனுப்பியதில்லை. போய்விட்டு வா என்பதுதான் பேச்சு. நாக்கு எழவில்லை.

அவள் சுண்டுவிரல் முறிந்தது. சத்தம் கேட்டது.

"நாலாம் நம்பர்! போ! இனி வராதே!"

தட்டல் நின்றது.

பொன்னாத்தாள் எழுந்தாள். அழவில்லை. முறிந்த விரலைப் பார்க்கவில்லை. செருப்பைத் தேடவில்லை. இமைக்காமல் அவரைத் தாண்டி வாசலுக்கு நடந்தாள்.

இன்றைக்கு நாலாம் நம்பர் அவள்.

"பொன்னாத்தா!" முதல் தடவையாக அவள் பெயரைச் சொன்னார். அந்தப் பெயருக்கு அவள் திரும்பவில்லை.

பின்னால் காலி நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ வசதியாக நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அவள் படியிறங்கினாள். மழை. ரோட்டின் நடுவே. வளைவில் இரண்டு லாரி விளக்குகள். கந்தப்பன் ஓடினார். கை எட்டவில்லை. கதவு அவளுக்குப் பின்னால், அவர் முகத்துக்கு எதிரே சாத்திக்கொண்டது. உள்தாழ்ப்பாள், யாரும் தொடாமல், நிதானமாக நகர்ந்து விழுந்தது.