போர்வைக்குள் கோடைக்காலம்

பனி விலகாத காலையில் லாயத்துக் கதவைத் திறந்த முதலாளியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெண்குதிரை வாயில் நுரை தள்ளி, காலை நீட்டிச் செத்துக் கிடந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பெயரும் சுட்டிதான்.

பக்கத்துப் பண்ணை வைத்திருக்கும் அவருடைய தம்பி போர்வையோடு ஓடி வந்து, கழுத்திலிருந்து வால்வரை மூடினார்.

"பாக்காதக்கா. மனசு தாங்காது."

"ஒரே தாய்க்குதிரைக்குப் பொறந்த ரெண்டுல உன்னோடதாவது நல்லா இருக்கட்டும்டா" என்று அக்காள் அழுதார்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் வருவதற்குள் பழி ஆளைப் பிடித்துவிட்டது. ராத்திரித் தீவனம் வைத்தவர் முதலாளியம்மாளின் மாப்பிள்ளை. அவரை லாயத்துப் பக்கமே விடவில்லை. கூடத்து மூலையில் நின்றார்.

"நேத்து மாமியாரோட என்ன சண்டை?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"சுட்டிய உடனே சினைக்கு விடணும்னாங்க. பனிக்காலத்துல பெண்குதிரை பருவத்துக்கு வராது, பொழுது நீளட்டும்னேன். சோம்பேறின்னாங்க."

"விஷம் வெச்சீங்களா?"

"இல்ல."

"வேற யாரு வெப்பா?" என்றார் மாமியார். "கேஸ் எழுதுங்க. இவர் இனி இந்த வீட்டு மனுஷர் இல்ல."

"அப்ப நானும் இல்லம்மா" என்றாள் மகள். கணவரின் பக்கத்தில் போய் நின்றாள்.

மதியம் குதிரை டாக்டர் பிரேதப் பரிசோதனை முடித்து, போர்வையை மறுபடி இழுத்துவிட்டுக் கை கழுவினார்.

"எலி மருந்து. பாவம், சினைக்கு விட்டிருந்தா உடனே பிடிச்சிருக்கும். சினைப்பையில முட்டை பழுத்து நிக்குது."

"பனிக்காலத்துல பருவத்துக்கே வராதுன்னாரே மாப்பிள்ளை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமா, சினைப்பை சுருங்கிக் கெட்டியாயிடும். ஆனா இருட்டினப்புறமும் பளிச்சுனு விளக்கு எரிஞ்சா, குதிரை மூளை கோடை வந்துட்டதா ஏமாந்துடும். ஹார்மோன் ஊற ஆரம்பிச்சுடும்."

"ஒரு ராத்திரி எரிஞ்சா போதுமா?"

"மாசக்கணக்குல எரியணும்."

இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்த்தார். அந்த லாயத்துக்கு மின்சாரமே கிடையாது. ஆணியில் ஓர் அரிக்கேன் தொங்கியது. அவர் போர்வையை முழுவதுமாக விலக்கினார். பக்கத்துக் கொட்டிலில் நின்ற கிழக் குதிரைக்குக் குளிருக்கென்று முடி புசுபுசுவென்று அடர்ந்திருந்தது. செத்துக் கிடந்ததன் மேனியோ வழவழவென்று மின்னியது.

பொழுது சாயுமுன் அத்தனை பேரையும் தம்பியின் பண்ணைக்கு அழைத்துப் போனார். லாயம் முழுக்கக் குழல்விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஓரத்துக் கொட்டிலில் நெற்றிச் சுட்டியோடு ஒரு குதிரை. உடம்பெங்கும் பனிக்கால முடி. மாப்பிள்ளையைக் கண்டதும் கனைத்தது.

"செத்தது உங்க குதிரை" என்றார் இன்ஸ்பெக்டர் தம்பியிடம். "சீக்கிரம் குட்டி வேணும்னு விளக்கு வெச்சு வளத்தீங்க. கோடைன்னு ஏமாந்து அதோட குளிர்முடியும் உதிர்ந்துடுச்சு. ராத்திரி அதை அங்க கொண்டுபோய் விஷம் வெச்சுட்டு, சுட்டிய இங்க ஓட்டிட்டு வந்தீங்க. சாடை, உயரம், நெத்தி எல்லாம் பொருந்திச்சு. ரெண்டு லாயத்துலயும் ஒரே பருவமில்லங்கறத மறந்துட்டீங்க. முடி காட்டிக்கொடுக்கும்னு பயந்துதானே அந்தப் போர்வை?"

தம்பி தலை நிமிரவில்லை. "சுட்டிய எத்தனை தடவை விலைக்குக் கேட்டேன். அக்கா தரல."

முதலாளியம்மாள் தம்பியைப் பார்க்கவில்லை. அவமானத்தோடு மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"வீட்டுக்கு வாங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை கொட்டிலின் தாழ்ப்பாளை நீக்கினார்.

"சுட்டிய உங்க லாயத்துல கட்டிட்டு, உங்க பொண்ணையும் கூட்டிட்டுக் கிளம்பறேன் அத்தை."