மூன்றாவது கிலோமீட்டரில் மரணம்

செல்போன் அலறியது!

சப்-இன்ஸ்பெக்டர் கோகிலவாணி அப்போதுதான் ஒரு ஷூவைக் கழற்றியிருந்தாள். மூன்று நாள் பந்தோபஸ்து டூட்டி. எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரத் தூக்கம்.

"மேடம்... ஏட்டு சவுரியப்பன் பேசறேங்க. வனப் பூங்காவுல ஒரு ஆளு கெடக்கறாருங்க."

"மயக்கமா இருக்கப் போவுது. நல்லா பாத்தீங்களா?"

"ஆம்புலன்ஸ்காரங்க பாத்துட்டாங்க மேடம். உசுரு இல்லீங்க."

கழற்றிய ஷூவை ஒரு விநாடி வெறித்தாள்.

மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

பாப்பாரப்பட்டி தாண்டி, காட்டை ஒட்டி இருந்தது பூங்கா. உள்ளே ஆறு கிலோமீட்டர் வட்டப் பாதை. நடப்பவர், ஓடுபவர், சைக்கிள் விடுபவர்... எல்லோருக்கும் அந்த ஒரே ஒற்றையடிப் பாதைதான். ஜீப் போகாது.

"எவ்வளவு தூரம் ஏட்டய்யா?"

"மூணாவது கிலோமீட்டர் கல்லுகிட்டங்க."

"குறுக்கு வழி?"

"வட்டம்தானே மேடம்... எந்தப் பக்கம் போனாலும் மூணுதாங்க!"

நடந்தார்கள். சவுரியப்பனின் முட்டி ஒவ்வொரு அடிக்கும் முனகியது.

அவன் பாதையின் நடுவே குப்புறக் கிடந்தான். ஓட்டக்காரனின் மெலிந்த உடம்பு. பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது. இரண்டடி தள்ளி, புதரில் ஒரு கல்... அதிலும் ரத்தம்!

பக்கத்தில் நாற்பது வயது மனிதர் ஒருவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஓட்ட உடை. சிவந்த கண்கள்.

"நீங்கதான் போன் பண்ணுனதா?"

"ஆமாங்க மேடம். பேரு நவநீதன். இவன் ஆரோக்கிய பிரவீன்... ஸ்கூல்ல பி.டி. வாத்தியாருங்க. நாங்கெல்லாம் ஒரே ரன்னிங் குரூப்பு."

"எப்பப் பாத்தீங்க?"

"ஆறரைக்கு ஓட ஆரம்பிச்சேங்க. ஆறு அம்பதுக்கு இங்க வந்தா... இப்படிக் கெடக்கறான்!"

கோகிலவாணி குனிந்தாள். பிரவீனின் இடது மணிக்கட்டில் ஓட்ட வாட்ச். நாடித் துடிப்பைக் குறித்துக்கொண்டே வந்திருந்தது.

6.04 வரை.

அதற்குப் பிறகு வெறும் கோடு.

செல்போனைக் காணவில்லை. அழைத்தால், ஸ்விட்ச் ஆஃப்.

"ஆறு மணிக்கு இந்தப் பாதையில வேற யார் இருந்தது?"

நவநீதன் தயங்கினார். "சொல்ல மனசு வரலீங்க... எங்க குரூப்புல யாரு ஓடுனாலும் ரன்னிங் ஆப்புல வந்துருமுங்க." தன் போனை நீட்டினார்.

மதியழகன். 5.35க்கு ஆரம்பம். மூன்றாவது கிலோமீட்டரில் 5.55 முதல் 6.04 வரை... ஓட்டம் இல்லை. ஒன்பது நிமிடம் ஒரே இடத்தில் நின்றிருக்கிறான்!

"எந்த இடத்துல?"

வரைபடத்தைப் பார்த்த சவுரியப்பன் தன் காலடியைக் காட்டினார். "நாம நிக்கற எடத்துலதாங்க!"

மதியழகனைப் பிடிப்பதற்கு முன்னால் கோகிலவாணிக்கு வேறொரு வேலை இருந்தது. பதினோரு வருட சர்வீஸில் இன்னும் பழகாத வேலை.

மாரண்டஹள்ளியில் இருந்த பிரவீனின் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"இன்னாசிராஜ் பேசறேங்க. தக்காளித் தோட்டத்துல இருக்கேன். தம்பியா? ஓடப் போயிருக்கானுங்களே, வந்ததும் பேசச் சொல்றேன்..."

"ஐயா... பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

சொன்னாள். மறுமுனையில் எதுவோ கீழே விழுந்தது.

பிறகு அந்தக் குரல் உடைந்து வந்தது.

"கரண்டுக் கம்பி வச்சவனுங்களாம்மா?"

"என்ன கம்பி?"

"யானைக்கு வச்ச கம்பிங்க. காட்டு ஓரமா எவனோ கள்ளக் கரண்டு இழுத்திருக்கான், போட்டோ எடுத்துட்டேன், நாளைக்கு ரேஞ்சர் ஆபீஸ்ல குடுக்கறேன்னு நேத்து சொன்னான்ம்மா. அவன் தங்கச்சி பிளசிக்கு அனுப்பியிருக்கான்."

"எனக்கு அனுப்பச் சொல்லுங்க ஐயா. உடனே."

மீதி மூன்று கிலோமீட்டர். கேட்டுக்கு வெளியே புஷ்பமேரியின் டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மதியழகன் போலீஸைப் பார்த்ததும் எழுந்தான். தொப்பை அவனுக்கு முன்னால் எழுந்தது.

"காலையில ஓடுனீங்களா?"

"ஓ... ஓடுனேங்க."

"மூணாவது கிலோமீட்டர்ல ஒம்போது நிமிஷம் எதுக்கு நின்னீங்க?"

"மூச்சு வாங்குச்சுங்க..."

"நீங்க நின்ன எடத்துல, நின்ன நேரத்துலதான் பிரவீனைக் கொன்னிருக்காங்க!"

டீ கிளாஸ் கைநழுவி உடைந்தது.

கடைக்குள்ளிருந்து புஷ்பமேரி கரண்டியோடு வந்தாள். "அந்த சாரு எங்கம்மா ஓடுனாரு? அஞ்சரையிலருந்து இந்த பெஞ்சுலதான் குந்தியிருக்காரு. நாலு போண்டா தின்னாரு!"

மதியழகன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"எனக்கு சுகருங்க மேடம். வூட்டுல சம்சாரம் தெனமும் ஆப்பைப் பாப்பா. ஓடலேன்னா சோறு கெடையாது. அதனால... வாட்ச்சைக் குடுத்துருவேங்க. அவன் ரெண்டு கையிலும் வாட்ச் கட்டிக்கிட்டு ஓடுவான்."

"யாரு?"

"நவநீதனுங்க!"

சவுரியப்பன் முட்டி வலியை மறந்தார்.

"இன்னிக்கு ஆறு இருபத்தஞ்சுக்கு வந்து வாட்ச்சைக் குடுத்தான். இன்னொரு ரவுண்டு போறேன்னு திரும்பிப் போனான். கொஞ்ச நேரத்துல போன் பண்ணி, யாரு கேட்டாலும் நீயே ஓடுனதா சொல்லு, இல்லேன்னா உன் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சு போயிருமுன்னான். கொலைன்னு எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா!"

கோகிலவாணியின் போன் சிணுங்கியது. பிளசி அனுப்பிய படம்.

மாந்தோப்பு. நீல நிற மோட்டார் ரூம். அங்கிருந்து குச்சிகளின் மேல் ஓடி, காட்டு எல்லையில் முழங்கால் உயரத்தில் நின்ற வெறும் கம்பி.

"இது யார் தோப்பு ஏட்டய்யா?"

சவுரியப்பன் கண்ணாடியைச் சரி செய்தார். "நவநீதனோடதுங்க மேடம். பாதைக்கு அந்தாண்ட."

கூடவே நடந்து வந்திருந்த நவநீதன் ஜீப் நிழலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க மேடம்... மதி ஒத்துக்கிட்டானா?"

"வேற ஒண்ணு கேள்விப்பட்டேன். காலையில ரெண்டு வாட்ச் கட்டிக்கிட்டு ஓடுனீங்களாமே?"

"மதி பொய் சொல்றான்!"

"மதி சொன்னாருன்னு நான் சொல்லலியே!"

தண்ணீர் பாட்டில் பாதி வழியில் நின்றது.

கோகிலவாணி படத்தைக் காட்டினாள். நவநீதனின் தோள்கள் மெல்லத் தொங்கின. அவர் தப்பி ஓடப் பார்க்கவில்லை. ஓடத் தெம்பும் இல்லை.

"கெஞ்சுனேங்க. கம்பியக் கழட்டிர்றேன், போட்டோவ அழிச்சுருன்னு. நேத்து கம்பிக்குப் பக்கத்துல குட்டி யானை காலடி பாத்தேன், இன்னிக்குக் குடுத்தே தீருவேன்னான். திரும்பி ஓட ஆரம்பிச்சான்... கையில கல்லு எப்படி வந்துச்சுன்னே தெரியலீங்க."

"போன்?"

"ரெண்டாவது தடவ வந்தப்ப தோப்புக் கெணத்துல போட்டேங்க."

"பழிய மதி மேல போடலாமுன்னு எப்பத் தோணுச்சு?"

"கையில அவன் வாட்ச்சப் பாத்தப்பங்க. என்னோட ஓட்டத்த மட்டும் ஆப்புலருந்து அழிச்சுட்டேன்."

"ஒம்போது நிமிஷமும் கெஞ்சுனீங்களா?"

நவநீதன் தரையைப் பார்த்தார்.

"எட்டு நிமிஷங்க."



தோப்பு லைனைத் துண்டிக்க ஆள் அனுப்பினாள் கோகிலவாணி. மாரண்டஹள்ளியிலிருந்து கிளம்பிவிட்ட தகப்பனுக்கு, எங்கே வர வேண்டும் என்று நிதானமாக வழி சொன்னாள். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கம்பியக் கழட்டிட்டீங்களாம்மா?"

"ஆள் போயிட்டாங்க ஐயா."

"அது போதும்" என்றவர் போனை வைக்க மறந்து அழுதார். அவள் முழுவதையும் கேட்டாள்.

கேஸ் மூன்று மணி நேரத்தில் முடிந்திருந்தது. ஜெயித்த மாதிரியே இல்லை. பாதங்கள் எரிந்தன. ஜீப்பின் முன்சீட்டில் சரிந்து, தொப்பியை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டாள்.

வெளியே இரண்டு மைக்குகளும் ஒரு கேமராவும் ஓடி வந்தன. சவுரியப்பன் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"மேடம்... டி.வி.க்காரங்க வந்துருக்காங்க. என்ன சொல்லட்டுங்க?"

தொப்பிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"செத்தவங்க கேட்டா டூட்டியில இருக்கேன்னு சொல்லுங்க ஏட்டய்யா... உசுரோட இருக்கறவங்க கேட்டா, நான் செத்துட்டேன்னு சொல்லிருங்க!"